முகப்பும் பின்கட்டும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மரபு வீடுகளில் விரிவாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தெருவை ஒட்டி வரிசையாக அமைந்த தமிழர் வீடுகள் காலந்தோறும் பின்புறமாகவே வளர்ந்து வந்துள்ளன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்று அவ்வீடுகளின் கொல்லைப்புறத்தில் எழும் கான்கிரீட் கட்டடங்களை அவ்வளர்ச்சியின் தொடர்ச்சியாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விரிவாக்கம் மரபுக்கு முரணானதன்று. முற்றமின்றி விரிவதே முரண் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கட்டு, முற்றம், கொல்லை, திண்ணை, சுண்ணாம்புக் கட்டுமானம், கொம்யூன்.

முன்னுரை

புதுச்சேரியின் கட்டட மரபு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் புல்வார்களுக்கு உட்பட்ட நகரப் பகுதியையே மையமாகக் கொள்கின்றன. ஆயின் பிரெஞ்சு ஆட்சிப் பரப்பு நகரோடு முடிந்ததன்று. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் 1749இல் சந்தா சாகிபால் பிரெஞ்சியருக்கு வழங்கப்பட்டன. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையால் கொம்யூன் முறை நடைமுறைக்கு வந்தது. 1954 அக்டோபர் 18இல் இணைப்புக்கான வாக்கெடுப்பு நிகழ்ந்த கீழூரும் வில்லியனூர்ப் பகுதியைச் சேர்ந்ததே. அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற இவ்வூர்கள் கட்டட வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை.

கட்டு என்னும் அலகு

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலையும் பாகூரில் மூலநாதர் கோயிலையும் மையமாகக் கொண்டு பழந்தெருக்கள் அமைந்துள்ளன. இத்தகைய தெருக்களில் மனைகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள் நெருக்குவதால் வீடு பக்கவாட்டில் வளர இயலாது. தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைகின்றன.

இவ்வமைப்பு மொழியிலும் பதிவாகியுள்ளது. வீட்டின் அளவை 'ஒரு கட்டு', 'இரண்டு கட்டு', 'மூன்று கட்டு' என்றே மக்கள் குறித்தனர். குடும்பம் பெருகும்போதும் செல்வம் கூடும்போதும் பின்னால் ஒரு கட்டு சேர்ந்தது. ஆகவே பின்புற விரிவாக்கம் வீட்டின் இலக்கணத்திலேயே இடம்பெற்ற ஒன்று. ஆனால் கட்டு என்பது வெறும் அறைகளின் தொகுதியன்று. திறந்த முற்றமொன்றைச் சூழ்ந்த பகுதியே முழுமையான கட்டாகும். கூரை மிகுந்தபோது வானவெளியும் உடன் மிகுந்தது.

நகர முன்மாதிரியும் அதன் எல்லையும்

நகரத் தமிழ்ப் பகுதியில் வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியின் சீரமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் இன்டாக் அமைப்பின் பங்களிப்புடன் நடைபெற்றது. இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய நகரங்கள் அதில் பங்காளிகளாயின. திண்ணையும் தெருத்தாழ்வாரமும் மீட்கப்பட்டதால் வீதி தன் பழைய முகத்தைப் பெற்றது.

சுற்றுலா செல்வாக்குப் பெற்ற நகரில் முகப்பைக் காப்பது பயன்மிக்க தொடக்கம். நாட்டுப்புறக் கொம்யூன்களில் அதுமட்டும் போதாது. இங்கு வீட்டின் பொருளியல் மையம் கொல்லையில் இருந்தது. மாட்டுத்தொழுவம், வைக்கோல்போர், கிணறு, நெல் காயவைக்கும் களம் ஆகியவை பின்புறத்தைச் சார்ந்தவை. ஏரிப்பாசன நெல் விளைச்சலுக்குப் பெயர்பெற்ற பாகூரில் ஓர் உழவர் வீட்டின் கொல்லையை நீக்கிவிட்டு அவ்வீட்டின் வரலாற்றை எழுத இயலாது.

முற்றமற்ற விரிவாக்கம்

உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்தது. அறுவடை நெல் வீட்டுக்கு வராமலே விற்பனைக்குச் செல்கிறது. இவ்வாறு தொழில் இழந்த கொல்லை, கழிவறை, படுக்கையறை, வாடகைக் குடியிருப்பு ஆகியவற்றுக்குரிய வெற்றுமனையாகக் கருதப்படுகிறது. இத்தேவைகள் நியாயமானவை. வீட்டுக்குள் கழிவறை வேண்டுமென்னும் முதியோரிடமும் பெண்களிடமும் மரபின் பெயரால் மறுப்புரைப்பது அறமாகாது.

சிக்கல் கட்டும் முறையில் உள்ளது. பழைய பின்சுவரை ஒட்டியே கான்கிரீட் தளம் எழும்பும்போது மூன்று விளைவுகள் நேர்கின்றன. முதலாவது, தலைவாசலிலிருந்து கொல்லைவாசல் வரை நேர்கோட்டில் ஓடிய காற்றுவழி அடைபடுகிறது. முற்றத்தில் எழும் வெப்பக்காற்றுக்கு ஈடாகப் பின்னிருந்து வரும் குளிர்காற்று நின்றுவிடுகிறது. இரண்டாவது, முற்றத்து நீர் கொல்லைக்கு வடிந்த தூம்பு மறிக்கப்படுகிறது. மூன்றாவது, குளியலறை ஈரம் சுண்ணாம்புச் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் பூசிய சிமெண்ட் அவ்வழியை அடைக்கிறது. உள்ளே தங்கும் ஈரம் செங்கல்லை அரிக்கிறது; சுவரில் பதிந்த உத்திரமுனைகளை உளுக்கச் செய்கிறது. மரச்சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் தட்டோடும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் வலிமை அம்முனைகளைச் சார்ந்தது. பராமரிப்பற்ற பழங்கட்டுமானத்தை நீர் எவ்வாறு வீழ்த்தும் என்பதற்கு 2014 நவம்பர் மழையில் இடிந்த புதுச்சேரி மேரி கட்டடம் சான்றாகும்.

இவற்றால் முகப்பு நிலைத்திருக்கும்போதே வீடு பின்னாலிருந்து அழியத் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் 'பழைய வீடு வாழத் தகுதியற்றது' என்னும் முடிவுக்கு உரிமையாளர் வருகிறார். அத்தகுதியின்மைக்குப் புதிய கட்டுமானமே காரணமாயிற்று என்பது மறைந்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், புதுக்கட்டுக்கும் பழங்கட்டுக்கும் இடையே திறந்தவெளி ஒன்றை விடுவதே மரபுக்கும் தேவைக்கும் பொருந்தும் வழி எனலாம். அது புதிய முற்றமாக அமையும். காற்றும் ஒளியும் நீர்வடிகாலும் அதன்வழிக் கிடைக்கும். ஈரப்புழக்கமுள்ள அறைகளைப் பழஞ்சுவரினின்று விலக்குதல், இருவகைக் கட்டுமானங்களையும் தனித்தனி அடித்தளத்தில் நிறுத்துதல், பழஞ்சுவரைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுதல் ஆகியவை இதனுடன் இணையவேண்டியவை. சில அடி நிலத்தை இழக்கவேண்டும் என்பதே இதற்கான விலை. குறுகிய மனையில் அது சிறு விலையன்று. எனவே கொம்யூன் அளவில் மரபு வீடுகளைக் கணக்கெடுக்கும்போது முகப்பின் நிழற்படத்தோடு நின்றுவிடாமல், தலைவாசல் முதல் கொல்லை வரையிலான தரைப்பட வரைவையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது.