ஏழரை

வம்பை வலியப் போய் இழுத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்துத் தேனிப் பக்கம் சொல்வார்கள்: “சும்மா கெடந்தவனக் கூப்பிட்டு ஏழரையக் கூட்டாதப்பா.” ஏழரை என்ன? முழமா, படியா, மைலா? யாரும் கேட்பதில்லை. ஆண்டும் இல்லாமல் சனியும் இல்லாமல் எண் மட்டும் தனியாக நின்று துன்பம் என்று பொருள் தருகிறது.

எண் பெயர்ச்சொல் ஆவது தமிழில் புதிதில்லை. ‘நாலு பேர்’ என்றால் ஊர். ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்பது இந்திய தண்டனைச் சட்டம் போட்ட பிச்சை. 1860இல் வந்த அந்தச் சட்டம் 2024 ஜூலையோடு விடைபெற்றுவிட்டது, வசவு போகவில்லை. இந்தக் கூட்டத்தில் பின்னத்தோடு நிற்பது ஏழரை. அந்த அரை எங்கிருந்து வந்தது என்பதில்தான் சொல்லின் கதையே இருக்கிறது.

கணக்கு எளிது. சனி ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு இரண்டரை. பிறந்தபோது நிலா நின்ற ராசி, அதற்கு முந்தியது, அதற்கு அடுத்தது என்று மூன்று வீட்டைச் சனி கடக்கும் காலமே ஏழரை. முதல் இரண்டரைக்கு விரயச்சனி என்று பெயர். அடுத்தது ஜென்மச்சனி, கடைசி பாதச்சனி. முதல் தவணையின் பெயரே ‘செலவு’ என்பதைக் கவனியுங்கள். இளவயதில் வரும் சுற்று மங்குசனி, நடுவயதில் வருவது பொங்குசனி. மூன்றாவதன் பெயரை வயதானவர்கள் முன்னால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு பழந்தமிழில் இல்லை. சனியை அன்றைக்கும் தெரியும். காரி என்றார்கள், புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர் மைம்மீன் என்கிறார். மை போல் கருத்த மீன். அந்த மீன் புகைந்தாலும், வால்வெள்ளி தோன்றினாலும், வெள்ளி தென்திசைப் பக்கம் போனாலும் பாரியின் பறம்பு நாட்டில் மழை பொய்க்காது என்பது பாட்டின் கருத்து. சனி கெட்ட மீன்தான், ஆனால் அது யாரைக் கெடுத்தது? நாட்டை. வயல் காய்ந்தால் எல்லோர் வயலும் காயும். உன் ராசிக்கு மட்டும் வறட்சி, அடுத்த வீட்டுக்காரருக்கு மழை என்ற பேச்சு அங்கே கிடையாது.

ராசியும் ஜாதகமும் வேரூன்றிய பிறகு சனி ஆள் பார்த்துப் பிடிக்கத் தொடங்கியது. பெயரும் மாறியது. சமஸ்கிருதத்தில் அவர் சனைச்சரன், மெல்ல நடப்பவன். வானத்தில் மந்தமாக நகர்வதால் வந்த காரணப் பெயர். தமிழ் வாய் அதைச் சனீஸ்வரன் ஆக்கி ஈஸ்வரப் பட்டமும் கொடுத்துவிட்டது. இலக்கணப்படி பிழை என்பார்கள். எனக்கு இது அரசியல் சாமர்த்தியமாகத் தெரிகிறது: பயப்படுகிற அதிகாரியை ‘ஐயா’ என்று கூப்பிட்டு வைப்பது.

அந்த ஈஸ்வரனுக்குத் தனிக்கோயில் இருக்கும் ஊர் குச்சனூர். சின்னமனூருக்குப் பக்கத்தில், சுரபி நதிக்கரையில். சனி சுயம்புவாக எழுந்தருளிய தலம் என்பதால் ஆடி மாதச் சனிக்கிழமைகளில் திருவிழாக் கூட்டம் அலைமோதும். எள் தீபம், கறுப்புத் துணி, காக்கை உருவம் என்று நேர்த்திக்கடன்கள். தலக்கதை இது: தினகரன் என்ற அரசனுக்குப் பிள்ளை இல்லை. வீடு தேடி வந்த சந்திரவதனன் என்ற சிறுவனை எடுத்து வளர்த்தான். பிறகு சொந்தப் பிள்ளையும் பிறந்தது. அரசனுக்கு ஏழரை பிடித்து அவன் படாத பாடு பட்டபோது, வளர்ப்பு மகன் சனியிடம் போய் அப்பாவின் பங்கைத் தன் தலையில் ஏற்றச் சொன்னான். மனமிரங்கிய சனி ஏழரை ஆண்டை ஏழரை நாழிகையாகக் குறைத்துப் பையனைப் பிடித்து விட்டுவிட்டார். அவன் குச்சுப்புல்லால் வேய்ந்த கோயில்தான் ஊருக்குப் பெயர் தந்ததாம்.

இந்த ஏழரை நாழிகை வாய்க்கு வந்த எண் இல்லை. நாளுக்கு அறுபது நாழிகை, எட்டுச் சாமம். சாமத்துக்கு ஏழரை நாழிகை. நம் கணக்கில் மூன்று மணி நேரம். சாமக்கோடங்கியும் நள்ளிரவுச் சாமமும் புழங்கிய நாட்டில் ஏழரை என்ற அளவு ஜோதிடர் வருவதற்கு முன்பே காதுக்குப் பழகியிருக்கும். கதை கட்டியவருக்கு எண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை, அலகை மாற்றினால் போதுமாக இருந்தது. ஏழரை ஆண்டை ஏழரை நாழிகையாக்குவது என்பது, கடன் தொகையைத் தொடாமல் ரூபாயைக் காசாக்குவது. கடன் தள்ளுபடிக் கதைகளில் இதைவிட நேர்த்தியானதை நான் கேட்டதில்லை.

மழை விஷயத்தில் கம்பம் பள்ளத்தாக்கு மைம்மீனை நம்புவதை என்றோ நிறுத்திவிட்டது. மேற்கு மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்ள, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை சுரங்கம் வழியே தண்ணீரைத் திருப்பிவிட்டது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் 1ஆம் தேதி மதகு திறக்கிறார்களா என்பதே இங்கே ஆண்டின் முதல் செய்தி. காலையில் பேப்பரில் முதலில் தேடுவது அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை, ராசிபலன் அப்புறம். அந்த அடிக்கணக்கு மட்டும் இன்னும் மைம்மீன் காலத்து வழக்கில் இருக்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

சொல்லுக்குத் திரும்புவோம். ‘ஏழரை நாட்டுச் சனி’ என்று ஒரு வழக்கு உண்டு. அது எந்த நாடு? மலையாளத்தில் ஏழராண்டச் சனி. ஆண்டு அங்கே துலக்கமாக நிற்கிறது. இந்தியில் சாடே சாத்தி, அதுவும் ஏழரைதான். தெலுங்கில் ஏலினாட்டி சனி. தெலுங்கில் ‘நாடு’ என்றால் நாள், ‘நாட்டி’ என்றால் அந்த நாளுக்குரிய. நம் ‘நாட்டு’ அந்த ‘நாட்டி’யின் எதிரொலியாக இருக்கலாம் என்பது என் ஊகம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும், தெருவில் தமிழும், மலை ஏறினால் மலையாளமுமாக வாழும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சொல் இப்படி வேட்டி மாற்றிக்கொள்வது அதிசயம் இல்லை. மொழியறிஞர்கள் மறுத்தால் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

ஏழரை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று சொல்வது பஞ்சாங்கம். அதிலும் கடன் வாசனை உண்டு. ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் இத்தனை, விரயம் இத்தனை என்று அட்டவணை போடுகிறார்கள். ‘கந்தாய பலன்’ என்று ஒரு பகுதி, ஆண்டை நான்கு நான்கு மாதமாகப் பிரித்துப் பலன் சொல்லும். கந்தாயம் கன்னடத்தில் நிலவரி. கர்நாடகத்தில் வருவாய்த் துறைக்கு இன்றும் கந்தாய இலாகா என்றுதான் பெயர். வரித் தவணையின் பெயர் விதியின் தவணைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. மேற்கிலும் இதே கதை. காலண்டர் என்பதன் லத்தீன் மூலம் வட்டிக்கு விடுகிறவரின் கணக்குப் புத்தகத்தைக் குறித்தது. ரோமில் மாதத்தின் முதல் நாள் வட்டி கட்டும் நாள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் அச்சிட்டிருக்கிறது, இ.எம்.ஐ. தேதியை மட்டும் நாமே பேனாவால் வட்டம் போட்டுக்கொள்கிறோம். (சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாவது ஆடிப்பெருக்கன்று. குச்சனூரில் திருவிழா நடக்கும் அதே ஆடி.)

ஏழரையின் பெரிய ஆறுதல் அதற்கு முடிவுத் தேதி உண்டு என்பது. அந்தத் தேதியிலும் தகராறு வந்தது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போனார். பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6இல்தான். தாங்கள் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் 2025இல் பெயர்ச்சி இல்லை என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவிப்பே விட்டது. மகர ராசிக்காரர்கள் பதினோரு மாதம் ஒரு புத்தகத்தில் விடுதலை, இன்னொன்றில் சிறை.

வங்கிப் புத்தகம் ஒன்றுதான். அங்கே இந்தச் சலுகை கிடையாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001இல் வந்தது. திட்டம் திருத்தம் கண்டு நிலைபெற்றபோது 4 லட்சம் வரை பிணை வேண்டாம், 7½ லட்சம் வரை மூன்றாமவர் ஜாமீன், அதற்கு மேல் சொத்து என்று கோடு போட்டார்கள். 2015இல் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி வந்தபோதும் உச்சவரம்பு அதே 7½ லட்சம். தொகையை முடிவு செய்த அதிகாரிகளுக்குக் குச்சனூர் தெரிந்திருக்க நியாயமில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை கட்ட வேண்டியதில்லை. அதுவரை ஏறிய வட்டி அசலோடு சேரும். பிறகு ‘டியூ’ தொடங்கும். கட்டி முடிக்க 15 ஆண்டு வரை அவகாசம், அதாவது இரண்டு ஏழரை. இருபத்திரண்டு வயதில் தொடங்கும் இதை மங்குசனிக் கணக்கில் வைப்பதா, பொங்குசனிக் கணக்கில் வைப்பதா என்று ஜோதிடரைத்தான் கேட்க வேண்டும்.

படிவத்தில் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். சந்திரவதனன் அப்பாவின் ஏழரையைத் தான் வாங்கிக்கொண்டான். இங்கே திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் கூலி பார்க்கும் அப்பா, மகள் படித்து முடிக்கும் முன்பே அவளுடைய ஏழரையில் பாதியை எழுதி வாங்கிக்கொள்கிறார். பெரியாறு வற்றினால் பள்ளத்தாக்கு முழுதும் போய் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்கும். கல்விக்கடன் நோட்டீஸ் வந்தால் அந்த வீடு மட்டும் வாசலைச் சாத்திக்கொள்ளும், ஏழரை பிடித்த வீடு போல. வேலை கிடைக்காதது ஊருக்கே நேர்ந்த வறட்சி என்று யாரும் எண்ணுவதில்லை. அந்த ஜாதகம் சரியில்லை என்பார்கள்.

ஏழரைக்கு நல்ல பொருள் கிடைக்கும் வாய்ப்பும் ஒருமுறை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் முன்னுரிமை தருவதை ஆராய நீதிபதி கலையரசன் ஆணையம் அமைந்தது. ஆணையம் சொன்னது 10 சதவீதம். அமைச்சரவை முடிவு செய்தது 7.5. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் அக்டோபர் கடைசியில்தான் வந்தது, விரயம் அங்கேயும். அதே ஆண்டு நீட் தேர்வில் அரசுப் பள்ளி மாணவர்களில் முதலாவதாக வந்தவர் தேனி மாவட்டத்துச் சில்வார்பட்டிப் பள்ளியில் படித்தவர். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என ஒதுக்கீடு விரிந்தது. இதன் கீழ் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிப்பு வந்தது. கடன் வாங்காமல் படிக்க வழிசெய்யும் ஏழரை.

ஆனால் வாய்க்குக் கூச்சம். செய்தி வாசிப்பவர்கள் பெரும்பாலும் ‘ஏழு புள்ளி ஐந்து’ என்கிறார்கள். பேப்பரில் எண்ணாகவே அச்சிடுகிறார்கள். இடம் கிடைத்த பிள்ளைகள் ‘செவன் பாயின்ட் ஃபைவ் கோட்டா’ என்கிறார்கள். மகளுக்கு ஏழரையில் சீட்டுக் கிடைத்துவிட்டது என்று ஊரில் சொல்ல எந்த அம்மாவுக்கு மனம் வரும்?