திமிங்கிலத் தொல்லுயிர் எச்சங்கள்

நிலத்தில் நான்கு கால்களால் நடந்த குளம்பு விலங்குகளின் வழியில் திமிங்கிலங்கள் தோன்றின என்பதைக் காட்டும் புதைபடிவங்கள் இத்தலைப்பில் அடங்கும். இவற்றுள் முக்கியமானவை இயோசீன் காலத்தவை. சுமார் 5 கோடி ஆண்டுகளிலிருந்து 3.4 கோடி ஆண்டுகள் வரை பழைமை உடையவை. மிகத் தொன்மையானவை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கிடைத்திருக்கின்றன. ஒரு விலங்குக் குலம் தன் வாழிடத்தையே மாற்றிக்கொண்டதற்கு இத்தனை படிகளோடு எலும்புச் சான்று கிடைப்பது அரிது.

‘திமி’ என்னும் பெருமீனையே விழுங்குவது என்பதுதான் திமிங்கிலம் என்ற வடசொல்லின் பொருள். பெயர் அதை மீன்களோடு சேர்த்துப் பேசினாலும், அது நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டுகிற விலங்கு. நீந்தும்போது வாலை மீனைப்போல் பக்கவாட்டில் வீசுவதில்லை, மேலும் கீழுமாக அடிக்கிறது. ஓடும் நாயின் முதுகெலும்பு வளைவதும் இதே போக்கில்தான்.

முதல் குழப்பங்கள்

சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஒரு கரடி வருகிறது. வட அமெரிக்காவில் கருங்கரடி ஒன்று மணிக்கணக்கில் வாயை அகலத் திறந்தபடி நீந்திப் பூச்சிகளைப் பிடித்ததாக ஒரு பயணி எழுதியிருந்தார். இப்படிப்பட்ட கரடி இனம் இயற்கைத் தேர்வினால் மெல்ல மெல்லத் திமிங்கிலம் போன்ற ஓர் உயிராக மாறுவதில் தமக்குத் தடை தெரியவில்லை என்றார் டார்வின். கேலி கிளம்பியது, அடுத்த பதிப்பிலேயே அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். கரடி என்பது தவறு. நிலத்திலிருந்து நீருக்கு என்ற திசை சரி. விலங்கைத் தவறவிட்டாலும் வழியைத் தவறவிடவில்லை என்பதால், அந்தக் கேலி அவருக்கு உரியதன்று.

வேடிக்கை என்னவென்றால், அப்போதே ஒரு பழந்திமிங்கிலம் அறிஞர்களின் கையில் இருந்தது. அமெரிக்காவின் லூசியானா, அலபாமா பகுதிகளில் கிடைத்த மாபெரும் முள்ளெலும்புகளைக் கண்ட ரிச்சர்ட் ஹார்லன், அவை கடல் ஊர்வனவற்றுடையவை என எண்ணி, 1834இல் ‘பேசிலோசாரஸ்’ (பல்லி அரசன்) எனப் பெயரிட்டார். 1839இல் அவர் எலும்புகளை லண்டனுக்குக் கொண்டுசென்றபோது ரிச்சர்ட் ஓவன் பல்லை ஆராய்ந்தார். அதற்கு இரட்டை வேர் இருந்தது. ஊர்வனவற்றின் பற்களில் அப்படி இருப்பதில்லை, பாலூட்டிகளில் உண்டு. ஓவன் வேறு பெயர் முன்வைத்தார் என்றாலும், முதலில் சூட்டிய பெயரே நிற்கும் என்ற விதியால் அந்தத் திமிங்கிலம் இன்றும் பல்லிப் பெயரையே சுமக்கிறது. 1845இல் ஆல்பர்ட் கோச் என்பவர் அலபாமா எலும்புகளைக் கோத்து 114 அடி நீளக் ‘கடற்பாம்பு’ ஒன்றை உருவாக்கி நியூயார்க்கில் கட்டணம் வாங்கிக் காட்டினார். அது பல விலங்குகளின் எலும்புகளை ஒட்டவைத்தது என்று உடற்கூறியல் அறிஞர் ஜெஃப்ரிஸ் வைமன் அம்பலப்படுத்தினார்.

காதும் கணுக்காலும்

திமிங்கிலங்களின் முன்னோர் குளம்பு விலங்குகளே என்று வில்லியம் ஃப்ளவர் 1883இல் கருத்துரைத்தார். எந்தக் குளம்பு விலங்கு என்பதில்தான் நெடுநாள் வழக்கு. 1950இல் நடந்த குருதிச் சோதனை மாடு, ஆடு, பன்றி அடங்கிய இரட்டைக் குளம்பு வரிசையைச் சுட்டியது. ஆனால் 1966இல் லீ வான் வேலன், பற்களின் ஒப்புமையைக் கொண்டு, மெசோனிக்கிட் என்னும் அழிந்துபோன ஊனுண்ணிகளைக் காட்டினார். எலும்பாய்வாளர் பலர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பக்கமே நின்றனர்.

1981இல் ஃபிலிப் கிஞ்சரிச்சும் டொனால்ட் ரஸ்ஸலும் பாகிஸ்தானில் கிடைத்த மண்டையோட்டுக்குப் பாகிசீட்டஸ் என்று பெயரிட்டனர். அது கிடைத்தது கடற்படிவில் அன்று, ஆற்றுப் படிவில். கூடவே நில விலங்குகளின் எலும்புகளும் இருந்தன. ஆனால் அதன் நடுச்செவியை மூடும் கிண்ணம் போன்ற எலும்பின் உள்விளிம்பு தடித்துத் திரண்டிருந்தது. திமிங்கிலத்தை அடையாளம் காட்டும் முத்திரை அந்தத் தடிப்பு. 1994இல் ஹான்ஸ் தெவிசன் குழுவினர் அறிவித்த ஆம்புலோசீட்டஸ் நடக்கவும் நீந்தவும் வல்லது. துடுப்புப் போன்ற பெரிய பின்பாதங்கள் அதற்கு இருந்தன.

வழக்கை முடித்தது 2001. அந்தச் செப்டம்பரில் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தொன்மைத் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளை வெளியிட்டன. வெள்ளாட்டின் பின்னங்கால் கணுவில் உள்ள சிறு எலும்பைத் தனியே எடுத்துப் பார்த்தால், கிணற்று ராட்டினம்போல் நடுவில் பள்ளம் விழுந்த உருளை மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய அமைப்பு அது. அதே இரட்டை ராட்டினம் பாகிசீட்டசின் கணுவிலும் இருந்தது. மெசோனிக்கிட் கொள்கை அத்தோடு சாய்ந்தது. வாழும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருக்கமானது நீர்யானை என்று மரபணு ஆய்வாளர் சொல்லிவந்ததும் இதோடு பொருந்திற்று.

இந்தியாவின் பங்கு உரிய அளவில் பேசப்படவில்லை. 1970களில் அசோக் சாஹ்னியும் வி.பி. மிஸ்ராவும் கட்ச் பகுதியில் தொன்மைத் திமிங்கிலங்களைக் கண்டறிந்தனர். இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கராவ் ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் எடுத்த எலும்புகளைக் கொண்டு 1971இல் ‘இந்தோஹியஸ்’ என்ற சிறு குளம்பு விலங்கை விவரித்தார். அவர் சேர்த்த பாறைகள் பல ஆண்டுகள் உடைபடாமலே கிடந்தன. அவர் மறைவுக்குப் பின் தெவிசனிடம் வந்தன. அவற்றைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் செவி எலும்பு தவறுதலாக உடைய, உள்ளே அதே தடித்த விளிம்பு தெரிந்தது! 2007இல் வெளியான ஆய்வு, பூனையளவே இருந்த இவ்விலங்கு திமிங்கிலக் குலத்துக்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டியது. காலத்தால் பாகிசீட்டசுக்கு முந்தியதன்று. எனவே பாட்டன் அன்று, பங்காளி. அதன் கால் எலும்புகள் நீர்யானையினுடையவைபோல் கெட்டியானவை. நீருக்குள் உடலை அமிழ்த்தி நிறுத்த உதவியிருக்கும்.

இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்தது என்பதை இங்கே பார்க்கலாம். கெட்டி எலும்பு, பெரிய பாதம், வலுத்த வால் என ஒவ்வொன்றும் அந்தந்த நிலையில் அந்த விலங்குக்குப் பயன்பட்டது. கடலை எண்ணி எதுவும் உருவாகவில்லை. பாகிசீட்டஸ் நன்னீர் குடித்தது, பின்வந்தவை கடல்நீரில் வாழ்ந்தன என்பதைப் பல்லிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் சொல்கின்றன. எகிப்தின் வாடி அல்-ஹிதான் பாலைவனத்தில் கிடைத்த பேசிலோசாரசுக்குத் தொடையெலும்பு, முழங்கால் சிப்பி, விரல்கள் எல்லாம் அமைந்த குட்டிப் பின்னங்கால்கள் உள்ளன என 1990இல் அறிவிக்கப்பட்டது. அந்த உடலை அவற்றால் தாங்கியிருக்கவே முடியாது. அந்த இடம் 2005இல் உலக மரபுச் சின்னமானது. வாழும் திமிங்கிலங்களின் சதைக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் இன்றும் உண்டு. 1919இல் கனடாவின் வான்கூவர் தீவருகே பிடிபட்ட ஒரு கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு வெளியே நீண்ட பின்னங்கால்களே இருந்தன.

இன்றைய நிலை

பல் திமிங்கிலங்களும், பல்லுக்குப் பதில் வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களும் இயோசீன் இறுதியையொட்டிப் பிரிந்தன. பெருவில் கிடைத்த, மிகக் கனத்த எலும்புகள் கொண்ட பெருசீட்டஸ் 2023இல் விவரிக்கப்பட்டது.