பெயர் எழுதப்படாத ஓடாவி

மணமேல்குடி! பெரியபுராணம் படித்தோர் இப்பெயரைக் கேட்டதும் குலச்சிறையாரை நினைப்பர். பாண்டியனின் அமைச்சர், அறுபத்து மூவருள் ஒருவர், அவர் பிறந்த ஊர் இது. அரியணைக்கு அருகே இருந்தவர், ஆகவே ஏட்டில் ஏறினார். நல்லது. அதே ஊரின் கரையில் நின்று கிழக்கே பாருங்கள், தோழர்களே! பாக் நீரிணை விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். அந்த நீரைக் கடக்க மரத்தை அறுத்தவன், வங்கை வளைத்தவன், பலகையைப் பொருத்தியவன், அவன் பெயர் என்ன? எந்தப் புராணம் அவனைப் பாடிற்று?

ஓடாவி என்று அவனுக்குத் தொழிற்பெயர் உண்டு. ஓடம் கட்டுவோன் என்பது பொருள். தன் பெயர்தான் இல்லை.

அவன் கட்டிய கலம் எளிதானதா? இந்தக் கடலை அறிந்தோர் அப்படிச் சொல்லமாட்டார்கள். பாக் விரிகுடா ஆழமற்றது. மணல்திட்டும் சேறும் மறைந்து கிடப்பது. காற்று மட்டும் ஆழ்கடற் காற்றைப் போலவே அடிப்பது. ஆழமாக அமிழும் கலம் இங்கே தரை தட்டும். அமிழாத கலமோ, பெரும்பாய் விரித்தால் கவிழும். இரண்டுக்கும் நடுவே வழி கண்டாக வேண்டும். கண்டான் நம் ஓடாவி. படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைப் போட்டான். காற்று வரும் பக்கம் அது நீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். படகு சாயச் சாய, ஆட்கள் அப்பலகையின் நுனியை நோக்கி நகர்ந்து அமர்வர். காற்று வலுத்தால் இன்னும் ஓர் ஆள். மனித உடலே எடைக்கல்! ஏட்டைத் திறக்காமலே நெம்புகோல் தத்துவத்தைக் கடலில் நடத்திக் காட்டினர் கட்டியோரும் ஓட்டியோரும். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இப்பலகையை விளக்கி எழுதினார். வெள்ளையர் ஒருவர் வந்து வியந்து எழுதும்வரை, கரையிலே பல்லக்கில் போனவர்கள் எவரும் அதனைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கட்டியவன் கதை இது. கரை சேர்த்தவன் கதை இன்னும் பழையது.

பெருங்கடலைத் தாண்டி வரும் மாலுமி விண்மீனை அறிவான், பருவக்காற்றை அறிவான். ஆனால் துறைமுக வாயிலில், நீருக்கடியில், சென்ற மாரியில் இடம் மாறிய மணல்மேட்டை அவன் எப்படி அறிவான்? அதை அறிந்தவன் உள்ளூர் மீனவன் ஒருவனே. ஆதலின் கப்பல் தொலைவில் தெரிந்ததும் சிறுபடகு ஒன்று விரைந்து செல்லும். வழிகாட்டி கப்பலில் ஏறுவான். அந்தக் கணம் முதல் கப்பலின் உயிர் அவன் கையில்.

ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'செங்கடற் செலவு' என்னும் பெரிப்ளூசில் இக்காட்சி இருக்கிறது. இன்று பரூச் எனப்படும் பாரிகாசாத் துறையின் வாயிலில், அரசனின் ஊழியத்தில் இருந்த மீனவர்கள் திரப்பகா, கொட்டிம்பா என்னும் பெரிய படகுகளில் காத்து நின்றனர். அயல்நாட்டுக் கப்பல்களை எதிர்கொண்டு, திட்டுகளுக்கிடையே வழிநடத்தினர். நீரேற்றம் தொடங்கும்போது இழுத்துச் சென்று, வற்றும்போது நங்கூரமிடச் செய்தனர். மீனவனை அறிவாளி என்று மதித்து ஊதியம் கொடுத்து அமர்த்திய அரசு! அதே நூல் தமிழகக் கரைக்கு வரும்போது, மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெருங்கலத்தைக் குறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையோ, இரவில் கலங்களை அழைக்கும் விளக்கைக் காட்டுகிறது. வழிகாட்டும் தொழில் நமக்கு வெள்ளைக்காரன் கற்பித்தது அன்று.

மணமேல்குடிக்குத் தெற்கே பாம்பனில் இது நெடுநாள் நீடித்தது. 1822இல் ஆர்தர் காட்டன் அந்தக் கால்வாயை அளந்தார். பின்னர் வெட்டி ஆழப்படுத்தினர். அளந்தவர் பெயர் நிலைத்தது. கப்பல்களை அந்தக் குறுகிய பாறை வாயில் வழியே நாள்தோறும் நடத்தியவர்கள் யார்? பாம்பனில் வாழ்ந்த லெப்பை முஸ்லிம்களுக்கு வழிகாட்டலும் முத்துக்குளித்தலுமே தொழில் என்று ஆங்கில ஆட்சியின் கெசட்டியர் ஒரே வரியில் சொல்லி நகர்கிறது. ஒரு கூட்டத்தின் பெயர். மனிதரின் பெயர் இல்லை.

இப்போது கடல் கடந்து நியூயார்க்கைப் பார்ப்போம். அங்கே வழிகாட்டிகளுக்குள் போட்டி. கப்பலை முதலில் எட்டியவனுக்கே கூலி. ஆகவே விரைந்து செல்லும் படகு வேண்டும். புயலிலும் வெளியே நிற்கும் உறுதியும் வேண்டும். அந்தத் தேவை ஒரு தச்சனை உருவாக்கியது. ஜார்ஜ் ஸ்டீயர்ஸ், பிரபு அல்லர், கப்பல் தச்சரின் மகன். முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் ஒடுங்கிய பழைய வடிவத்தை அவர் தூக்கி எறிந்தார். கத்திபோல் கூரிய முகப்பு, அகலம் நடுவே: 1849இல் 'மேரி டெய்லர்' என்னும் வழிகாட்டிப் படகு இப்படிப் பிறந்தது. அதே அறிவில் அவர் வடித்த 'அமெரிக்கா' என்னும் கலம் 1851 ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்துக்கே சென்று, வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் ஆங்கிலப் பெருமக்களின் கலங்களை வென்றது. அக்கலத்தின் பெயரால் அமைந்த கோப்பைக்கு இன்றும் போட்டி நடக்கிறது. தச்சன் பெயர் வரலாற்றில் இருக்கிறது.

நம் தச்சன் பெயர் ஏன் இல்லை? திறமைக் குறைவா? இல்லை. கடல் கடப்பதையே பாவமென எழுதி வைத்தது போதாயன தரும சூத்திரம். எழுதத் தெரிந்தவன் கடலில் இறங்கவில்லை. கடலில் இறங்கியவன் கையில் எழுத்தாணி இல்லை. அறிவு ஒரு தெருவில், எழுத்து மற்றொரு தெருவில்! நடுவே சாதி.

ஏடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 'கப்பல் சாத்திரம்' என்னும் தமிழ்ச்சுவடியைச் சென்னை அரசின் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அச்சேற்றியது. அதிலே அளவுகள் உண்டு. அளவோடு கலந்து சகுனமும் உண்டு. மரத்தின் கணு எங்கே அமைந்தால் உடையவனுக்கு என்ன கேடு என்று பலன் சொல்கிறது. கணு உள்ள பலகை நாளடைவில் பொத்துக்கொண்டு ஒழுகும். அது ஓடாவி கைகண்ட உண்மை. அந்த உண்மை ஏட்டுக்குப் போகும் வழியில் கிரகபலனாக மாறிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். காரணம் உதிர்ந்தது, அச்சம் மட்டும் எழுத்தாயிற்று. ஆயினும் அந்தச் சுவடியை எறிந்துவிடாதீர்கள். உமியை ஊதினால் உள்ளே நெல் இருக்கிறது.

ஓடாவியின் பெயர் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்க்கரையிலே ஒரு சான்று இருக்கிறது. வல்வெட்டித்துறையில் 1930இல் சுந்தர மேத்திரியார் கட்டிய கப்பல் 'அன்னபூரணி'. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. வேப்பமரத்தால் ஆன உடல். நீராவிக் கப்பலும் இரும்புக் கப்பலும் கடலை ஆண்ட காலம் அது. பாய்க்கப்பல் செத்துவிட்டது என்று உலகம் நம்பிய நேரம். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இக்கப்பலைக் கண்டு விலைக்கு வாங்கினார். தம் துணைவியார் பெயரை அதற்குச் சூட்டினார். 1937இல் அது புறப்பட்டது. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தண்டையலாக, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் சென்றனர். சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா! 1938 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறையில் அது நங்கூரம் இட்டது. குளொசெஸ்டர் என்பது மரக்கலத்தின் தாய்வீடு. தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டியோரும் ஓட்டியோரும் வாழ்ந்த ஊர். அந்த மக்கள் முன்னே போய் நின்றது, தமிழ்த் தச்சன் இழைத்த வேப்பம்பலகை. அட்லாண்டிக்கின் அலை அதைப் பிளக்கவில்லை.

அத்தகைய ஓடாவிகள் இக்கரையிலும் இருந்தனர். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், அதிராம்பட்டினம் எனத் தோணியும் வத்தையும் ஓடிய கரை இது. இன்று கண்ணாடியிழைப் படகு வந்துவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மேலும் பெருகிவிட்டது. மீனவனுக்கு அது எளிது. அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. வாங்கிய நாளே கடலில் இறக்கலாம், இழுக்கவும் இலேசு. ஆனால் உளி பிடித்த முதியவர்கள் கரையோர ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர்.

படித்த இளைஞர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் திண்ணைக்குப் போங்கள். ஏராவுக்கு எந்த மரத்தை எந்த மாதத்தில் வெட்டினீர்கள் என்று கேளுங்கள். வங்குக்கு வளைந்த கிளையை எங்கே தேடினீர்கள்? கலப்பற்றுக்குப் பஞ்சோடு குங்கிலியத்தை எந்த எண்ணெயில் காய்ச்சினீர்கள்? வரைபடம் இன்றி இரு பக்கமும் ஒன்றாக அமைய எந்த நூலை எங்கே கட்டினீர்கள்? இவற்றை எழுதுமுன், பக்கத்தின் தலைப்பில் அவர் பெயரையும் தந்தையார் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.