குடியானவனுக்காகச் செய்த மோட்டார்

மிகக் குறைந்த விலையில் ஒரு மோட்டார் வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டதும், ‘இதில் எதையெல்லாம் விட்டிருக்கிறார்களோ?’ என்ற சந்தேகம் வாங்குபவன் மனத்தில் எழுவது நியாயமே. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, வண்டியின் முன் நின்று அதன் குறைகளை எண்ணுவதைக் காட்டிலும், அத்தகைய வண்டியொன்று பிறந்து வளர்ந்து ஓய்ந்த சரித்திரத்தைப் படிப்பது அதிகப் பிரயோஜனம் தரும் என்பது என் அபிப்பிராயம். பிரெஞ்சு தேசத்துச் சித்ரோயென் 2 சி.வி.யைவிடப் பொருத்தமான உதாரணம் அதற்குக் கிடைப்பது அரிது.

ஆந்த்ரே சித்ரோயென் ஸ்தாபித்த மோட்டார்த் தொழிற்சாலை 1934-ல் கடனில் மூழ்கித் திவாலானபோது, அதற்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்த மிஷெலின் டயர்க் கம்பெனியே அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. நிர்வாகத்துக்கு வந்தவர்களில் முக்கியமானவர் பியேர் பூலான்ஜே. கிராமத்துச் சாலைகளில் குடியானவர்கள் தங்கள் விளைபொருளைக் கட்டை வண்டிகளில் ஏற்றிச் சந்தைக்குப் போவதைக் கண்ட அவர், அம்மக்களுக்கென்றே ஒரு மோட்டார் செய்ய வேண்டுமெனத் தம் எஞ்சினீயர்களுக்கு உத்தரவிட்டார். இதைத் தருமசிந்தனை என்று மட்டும் கொள்ளலாகாது. தேசத்தில் மோட்டார்கள் பெருகினால் டயர் வியாபாரமும் பெருகும் என்பதை மிஷெலின் குடும்பத்தார் அறியாதவர்களல்லர். ஆயினும் அவர் விதித்த நிபந்தனைகள் விசித்திரமானவை: மரக்காலணி அணிந்த இரண்டு குடியானவர்களும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் அதில் ஏற வேண்டும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் போதும், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோலுக்கு மேல் செலவாகக் கூடாது, உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை ஒன்றுகூட உடையக் கூடாது, விலையோ, கம்பெனியின் பெரிய வண்டி விலையில் மூன்றிலொரு பங்குதான் இருக்க வேண்டும். அழகைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

1939 யுத்தம் தொடங்கும் தறுவாயில் இருநூற்றைம்பது மாதிரி வண்டிகள் தயாராயின. அவற்றுக்கு முகவிளக்கு ஒன்றே. சட்டம் ஒன்றைத்தான் கேட்டது என்பது அதற்குச் சமாதானம்! யுத்தத்தால், அவற்றை வெளியிடவிருந்த பாரிஸ் மோட்டார்க் கண்காட்சி ரத்தாயிற்று. ஜெர்மானியர் கையில் சிக்கலாகாதென்று பெரும்பாலான வண்டிகள் அழிக்கப்பட்டன, ஒரு சில மறைத்து வைக்கப்பட்டன. அவற்றுள் மூன்று, லா ஃபெர்த்தே-விதாம் என்ற ஊரில் கம்பெனியின் பரிசோதனைத் தோட்டத்துக் களஞ்சியப் பரணில் அரை நூற்றாண்டு கிடந்து, 1990-களில் அகப்பட்டன.

யுத்தத்துக்குப் பின், முதலில் உத்தேசித்திருந்த அலுமினியம் விலையேறிப் போனதால் எஃகுத் தகடே கதி என்றாயிற்று. வால்டர் பெக்கியா என்ற எஞ்சினீயர், தண்ணீர் வேண்டாமல் காற்றாலேயே குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அமைத்தார்: கொள்ளளவு 375 சி.சி., சக்தி ஒன்பது குதிரைத் திறன். மூன்று கியர் போதுமென்று பூலான்ஜே கண்டித்துச் சொல்லியிருக்க, அத்தனை சிறிய எஞ்சினுக்கு நான்காவது அவசியம் என்றறிந்த பெக்கியா, அதை ஓர் உபரி வசதி என்று பெயரிட்டுச் சாமர்த்தியமாகப் புகுத்திவிட்டார். முதலாளியின் சிக்கனம் எல்லை மீறும்போது இப்படியொரு தொழிலாளி குறுக்கே நிற்பது வாங்குபவனுக்குப் பெரிய பாக்கியம்.

1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் திரை விலகியபோது பத்திரிகைக்காரர்கள் வாய்விட்டு நகைத்தார்கள். கூரை, சுருட்டி மடக்கும் துணி. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று அறிய ஒரு குச்சியைத் தொட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் வைப்பரை வேகமானியின் கேபிளே சுழற்றியதால், வண்டி மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக அசைந்தது. வண்டி நின்றுவிட்டால் கையால் திருக வேண்டியதுதான். நிறம் சாம்பல் ஒன்றே. ஆனால் பரிகசித்தவர்களின் பார்வை வண்டியின் அடிப்பாகத்துக்குப் போகவில்லை. நான்கு சக்கரங்களும் நீண்ட கைகளின் நுனியில் தனித்தனியே அமைந்து, ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் படுக்கைவசமான ஸ்பிரிங் உருளை ஒன்றால் இணைக்கப்பட்டிருந்தன. முன் சக்கரம் மேட்டில் ஏறிய அதிர்ச்சியில் ஒரு பகுதியை அந்த உருளை பின்பக்கத்துக்குப் பகிர்ந்தளித்ததால், குண்டும் குழியுமான பாதையில் அந்த வண்டி சென்ற மென்மை, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள வண்டிகளுக்கும் வாய்க்கவில்லை. வளைவுகளில் அது பயங்கரமாகச் சாய்ந்தது உண்மையே. எனினும் எளிதில் கவிழ்ந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்திலெல்லாம் கஞ்சத்தனம் செய்து மிச்சம் பிடித்த பணத்தை, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தாராளமாகச் செலவிட்டதுதான் அந்த வண்டியின் ரகசியம்.

அப்படியானால் அது வாங்கத் தக்கதா? 1950-ல் ஒரு கிராமத்து வைத்தியரோ மிருக வைத்தியரோ மருத்துவச்சியோ இக்கேள்வியைக் கேட்டிருந்தால், தயங்காமல் ஆம் என்று சொல்லியிருக்கலாம். வரி எஞ்சினின் அளவைப் பொறுத்ததாகையால் அது சொற்பம். பெட்ரோல் செலவு சொற்பம். போல்ட்டைக் கழற்றி மட்கார்டை எடுத்துச் சரிசெய்ய உள்ளூர்க் கொல்லனே போதும். ஆசனங்களை வெளியே எடுத்துவிட்டு, துணிக்கூரையைச் சுருட்டினால், அலமாரியும் ஏற்றலாம், ஆட்டுக்குட்டியும் ஏற்றலாம். தொழிலுக்கு வண்டி இன்றியமையாதவர்களுக்கே முதலில் என்று கம்பெனி வரிசைப்படுத்தியும், காத்திருக்கும் காலம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. புது வண்டியைக் காட்டிலும் ஓட்டிய வண்டி அதிக விலைக்குப் போன வேடிக்கையும் நடந்தது. வாங்குபவர் இத்தனை பொறுமையுடன் காத்திருந்ததைவிட மேலான நற்சாட்சிப் பத்திரம் ஒரு மலிவு வண்டிக்கு வேறென்ன வேண்டும்? அதன் உறுதியைச் சோதிக்க விரும்புவோருக்கு இன்னொரு சங்கதி: 1958-ல் இரண்டு பிரெஞ்சு வாலிபர்கள் இதில் உலகஞ்சுற்றப் புறப்பட்டு, தென்னமெரிக்கப் பாலைவனத்தில் கியர்ப்பெட்டியின் எண்ணெய் போய்விட, வாழைப்பழங்களை அதனுள் திணித்து ஓட்டிச் சென்றார்கள்.

நம் தேசத்திலும் 2009-ல் டாட்டா நானோ இதே போன்ற நோக்கத்துடன் வந்தது. ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்று நட்டு, திறக்க முடியாத பின்கதவு, 624 சி.சி. எஞ்சின், விலை ஒரு லட்சத்தை ஒட்டியது. உட்புற இடவசதியில் அந்தச் சின்ன வண்டியை மிஞ்சுவது கடினம். நகர நெரிசலுக்கு ஏற்றதுங்கூட. ஆனால் உலகத்திலேயே மலிவான மோட்டார் என்ற கீர்த்தியே அதற்கு வினையாயிற்று என்று ரத்தன் டாட்டாவே பிற்பாடு சொல்ல நேர்ந்தது. மோட்டாரை வாங்குவது நாலுபேர் மதிக்க வேண்டும் என்பதற்காகவுந்தான் என்றிருக்கும் சமூகத்தில், ஸ்கூட்டரிலிருந்து முன்னேறியவன் ஏழையின் வண்டியென்ற பட்டத்தைக் காசு கொடுத்து வாங்குவானா? பிரெஞ்சுக் குடியானவனுக்கோ மாற்றாக நின்றது மற்றொரு மோட்டார் அன்று, குதிரையும் கட்டை வண்டியுமே. நானோ வந்தபோது, சற்றே கூடுதல் பணம் போட்டால் மாருதி கிடைத்தது. பழைய வண்டிச் சந்தையும் திறந்திருந்தது. சில வண்டிகள் தீப்பற்றிய செய்திகளும் அவநம்பிக்கையை வளர்த்தன. பத்தாண்டுக்குள் உற்பத்தி ஓய்ந்தது.

பிரான்சிலும் காலம் மாறாமலில்லை. 1961-ல் ரெனோ கம்பெனி 4 என்ற வண்டியை வெளியிட்டபோது, அகலமாகத் திறக்கும் பின்கதவும், நான்கு சிலிண்டர் எஞ்சினும், கெட்டியான கூரையும் ஏறக்குறைய அதே விலைப் பிரிவில் கிடைக்கத் தொடங்கின. கணக்குப் பார்க்கும் குடியானவர்களில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சித்ரோயென் வண்டியோ மாணவர்களின் வண்டியாயிற்று. பிறகு 1980-ல் இரட்டை வர்ணம் பூசி ‘சார்ல்ஸ்டன்’ என்ற பெயருடன் வந்தபோது நகரத்து நாகரிகர்களின் அலங்காரப் பொருளுமாயிற்று. அந்நிலையில் அதை வாங்கியவர்கள் சிக்கனத்தை முன்னிட்டு வாங்கினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மோதினால் அந்த மெல்லிய தகடு எவ்வளவு காக்கும் என்ற கேள்விக்கும், புகையைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டங்களுக்கும், முப்பதுகளில் வரைந்த அந்தத் திட்டத்தில் விடை இருக்கவில்லை. பாரிஸை அடுத்த லெவலுவா ஆலையில் 1988-லும், போர்ச்சுகலில் மங்குவால்தே ஆலையில் 1990 ஜூலையிலும் வேலை நின்றது. அதற்குள் முப்பத்தெட்டு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்றிருந்தன. பூலான்ஜே அதில் மிகச் சிறு பகுதியையே கண்டார், ஏனெனில் 1950-லேயே ஒரு மோட்டார் விபத்தில் அவர் உயிர் நீத்தார்.