நியமித்தவர் கையில் இருந்த சபை: இலங்கை செனற்றின் முடிவும் இரண்டாவது சபைக்கான வாதமும்

இலங்கையின் செனற் சபை 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒழித்தது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு. 1960 ஜூலையில் அவர் பிரதமரானபோது பிரதிநிதிகள் சபையில் அவருக்கு ஆசனம் இல்லை. நியமன உறுப்பினராக அவரை ஏற்றுக்கொண்டு 1965 வரை ஆள இடம் கொடுத்தது இதே செனற்தான். பிரதமர் ஒருவரைத் தாங்கிய சபை, பதினொரு ஆண்டுகளில் அதே பிரதமரின் கையால் மறைந்தது. அவருக்கு நன்றியுணர்வு இருந்ததா என்று ஆராய்வதில் பயனில்லை. அந்தச் சபைக்கு ஊன்றி நிற்கத் தனக்கென ஒரு தளம் இருந்ததா என்பதே ஆராயத்தக்கது.

மேற்சபைச் சீர்திருத்தம் பேசுவோர் பெரும்பாலும் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறார்கள்: சட்டமூலத்தை எத்தனை மாதம் தாமதிக்கலாம், நிதி மசோதாவில் கைவைக்கலாமா என்று. இக்கட்டுரை அந்த வரிசையை மறுக்கிறது. உறுப்பினரை அனுப்புவது யார், அச்சபையின் சம்மதமின்றி அதை ஒழிக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் அதிகாரப் பட்டியல் எழுதுவது வீண். சிறுபான்மையினரின் காப்புக்காக இரண்டாவது சபை கேட்கும் தமிழர் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

சுதந்திர இலங்கையின் முதல் யாப்பான சோல்பரி யாப்பின்கீழ் செனற்றில் 30 பேர். பாதிப்பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். மறுபாதியைப் பிரதிநிதிகள் சபை ஒற்றை மாற்று வாக்கு முறையில் தெரிவுசெய்தது. ஒரு பாதி பிரதமரின் விருப்பம். மறுபாதி கீழ்ச்சபையின் நிழல். யாழ்ப்பாண மாநகர சபைக்கோ மட்டக்களப்பின் ஒரு கிராமச் சபைக்கோ மலையகத் தோட்டத் தொழிலாளருக்கோ ஒரு செனற்றரை அனுப்பும் வழி இருக்கவில்லை. உறுப்பினர் தரமற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சுயேச்சையாக நின்று பேசிய எஸ். நடேசன் போன்ற சட்டத்தரணிகள் அங்கே இருந்தார்கள். எனினும், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அச்சபையைக் கடந்தே போனது. 1956 ஜூன் நடுவில் கீழ்ச்சபை நிறைவேற்றிய தனிச்சிங்களச் சட்டம் சில வாரங்களில், ஜூலையில், நடைமுறைக்கு வந்துவிட்டது. நல்ல பேச்சுகள் பதிவேட்டில் ஏறின, சட்டங்கள் நின்றுவிடவில்லை.

நியமன ஆசனத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுவது மு. திருச்செல்வத்தின் கதை. 1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசுக்கு ஆதரவளித்த தமிழரசுக் கட்சி, தேர்தலில் வென்ற தன் உறுப்பினர் எவரையும் அமைச்சராக்கவில்லை. மாறாக, சட்டமேதையான திருச்செல்வம் செனற்றராக நியமிக்கப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைகளுக்கான திட்டத்தை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மேற்சபை இல்லையென்றால் கட்சிக்கு அந்த வழி கிடைத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிர்ப்பு எழுந்ததும் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. திருகோணமலையில் கோணேசுவரர் ஆலயச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமரே நிறுத்திவைத்தார். 1968இல் அவர் பதவி விலகினார். பிரதமரின் கையெழுத்தால் வந்த ஆசனம் ஒரு தமிழ் அமைச்சருக்கு நாற்காலியைக் கொடுத்தது. பிரதமரோடு முரண்பட்டபோது அவருக்குப் பின்னால் நிற்க எந்தத் தொகுதியும் இருக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கான விடை இதைவிடக் கசப்பானது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, யாப்பைத் திருத்தப் பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரின் வாக்கைக் கேட்டது. அந்தச் சிறப்புப் பெரும்பான்மையை செனற்றிடம் கேட்கவில்லை. செனற் மறுத்தால் அது காலதாமதம், தடையன்று. 1970 தேர்தலில் சிறிமாவோ தலைமையிலான ஐக்கிய முன்னணி தெரிவுசெய்யப்படும் 151 ஆசனங்களில் 116ஐப் பிடித்ததும் கணக்கு முடிந்துவிட்டது. செனற்றில் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு வலு இல்லை. எட்டு மாதங்களுக்குள், 1972 மே 22இல், ஒற்றைச் சபையுடன் குடியரசு யாப்பு வந்தது. சிறுபான்மையினருக்குப் பாரபட்சமான சட்டத்தைத் தடுத்த 29ஆம் பிரிவும் போயிற்று. நியமன சபை மக்களாட்சிக்குப் பொருந்தாது என்று சொன்ன இடதுசாரிகளின் விமர்சனத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குரிய மருந்து, மாகாணங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் தெரிவுசெய்யப்படும் சபை. அவர்கள் தந்ததோ வெற்றிடம்.

இதே கேள்விகளை நான் வாழும் பிரான்ஸ் ஒன்றரை நூற்றாண்டு தாங்கிப் பார்த்திருக்கிறது. பாரிஸின் லா ஷப்பலில் கடை வைத்திருக்கும் தமிழர் பலர் குடியிருக்கும் வடக்குப் புறநகர்ப் பகுதிகளில் ஒன்று பியர்ஃபித்-சூர்-செய்ன். 1789க்குப் பிந்தைய மத்திய அரசின் ஆவணங்களைக் காக்கும் தேசிய ஆவணக் காப்பகம் 2013இல் அங்கேதான் திறக்கப்பட்டது. அந்த ஆவணங்கள் பேசும் காலத்தில் பிரான்சின் நியமன மேற்சபைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நெப்போலியனின் செனற், 1814 ஏப்ரலில் அவருடைய பதவி பறிபோனதைத் தானே அறிவித்தது. தோற்றவரை விட்டு வென்றவர் பக்கம் சாய்ந்தது. மன்னர் நியமித்த பிரபுக்கள் சபையில் 1831இல் பரம்பரை உரிமை நீக்கப்பட்டது, அப்படிச் சீர்திருத்தியும் 1848 புரட்சியில் அது மன்னரோடு போயிற்று. மூன்றாம் நெப்போலியனின் செனற் 1870 செப்டெம்பரில் பேரரசோடு மறைந்தது. நிலைத்தது 1875இல் அமைந்த செனற் மட்டுமே. அதன் 300 உறுப்பினரில் 75 பேர் ஆயுட்கால உறுப்பினர். 1884இல் அந்த ஆசனங்களையும் புதிதாக நிரப்புவதை நிறுத்தினார்கள். மிகுதி 225 பேரின் வேர் ஊராட்சிகளில் இருந்தது.

அந்த வேரின் வலு 1969இல் தெரிந்தது. செனற்றைப் பொருளாதார, சமூக சபையோடு இணைத்து, ஊராட்சிப் பிரதிநிதிகளோடு தொழில், சமூக அமைப்புகள் அனுப்புவோரையும் அமர்த்தி, அதை ஆலோசனை மன்றமாக்க ஜனாதிபதி டி கோல் முனைந்தார். யாப்பின் 89ஆம் பிரிவின் வழியே போனால் செனற்றின் சம்மதம் வேண்டும்; ஆகவே 11ஆம் பிரிவின்கீழ் நேரடியாக மக்களிடம் போனார். இதே குறுக்குவழியை அவர் 1962இல் எடுத்தபோது, அதை வெளிப்படையாகக் கண்டித்தவர் செனற்றின் தலைவர் கஸ்தோன் மோனர்வில். தென்னமெரிக்காவிலுள்ள குடியேற்றமான பிரெஞ்சு கயானாவில் பிறந்தவர், அடிமைகளின் வழிவந்தவர். சிறுபான்மை மனிதர் ஒருவர் நாட்டின் மிகப் பலம்வாய்ந்த ஆட்சியாளரை எதிர்த்துப் பேசியும் தன் இருக்கையில் நீடித்ததை நான் இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். அவரை அங்கே அமர்த்தியது டி கோலின் கையெழுத்தன்று. 1969 ஏப்ரல் 27இல் 52.41 வீதத்தினர் 'இல்லை' என்றனர். மறுநாள் டி கோல் பதவி துறந்தார். செனற்றின் தலைவர் அலன் பொயேர் இடைக்கால ஜனாதிபதியானார்.

பிரெஞ்சு முறையைக் குறையற்றதென்று நான் காட்டவில்லை. 348 செனற்றர்களைத் தெரிவுசெய்வோரில் சுமார் 95 வீதம் ஊராட்சி மன்றங்களின் பிரதிநிதிகள். சிற்றூர்கள் மிகுந்த நாட்டில் இது கிராமங்களுக்குக் கூடுதல் எடை தருகிறது. 1998இல் பிரதமர் லியோனல் ஜொஸ்பன் இதைக் கடுமையாகச் சாடினார். ஆனால் எங்கள் மாவட்டமான செய்ன்-சேன்-தெனியின் ஆறு செனற்றர்களைத் தெரிவுசெய்வோரில் நகராட்சி மன்ற உறுப்பினர் அனைவரும் அடங்குவர். இல்-து-பிரான்சின் மன்றங்களில் ஈழத்தமிழ்ப் பின்னணியுள்ளோர் அமர்ந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கே அமரும் ஒருவர் செனற்றரைத் தெரிவுசெய்யும் வாக்காளர் ஆகிறார். இலங்கையில் 24 ஆண்டுகளில் எந்த உள்ளூராட்சி உறுப்பினருக்கும் கிடைக்காத வாக்கு அது.

இந்தப் பின்னணியில் 2017 செப்டெம்பரில் வெளியான அரசியலமைப்பு வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையைப் பார்க்கலாம். 55 பேர் கொண்ட இரண்டாவது சபை. ஒவ்வொரு மாகாண சபையும் ஒற்றை மாற்று வாக்கில் ஐவர் வீதம் 45 பேர். நாடாளுமன்றம் தெரிவுசெய்யும் 10 பேர். யாப்புத் திருத்தத்துக்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு. என் இரண்டு கேள்விகளுக்கும் காகிதத்தில் இது சரியான விடை. பிரதமரின் பேனா ஒதுங்குகிறது. சபையின் சம்மதமின்றி யாப்பு மாறாது.

ஆனால் இரண்டு ஓட்டைகள். வடக்கும் கிழக்கும் சேர்ந்து அனுப்புவது 10 பேர். திருத்தத்தைத் தடுக்க 19 வாக்கு வேண்டும். தமிழ், முஸ்லிம் உறுப்பினரின் கூட்டு மட்டும் போதாது, தெற்கின் மாகாணங்களும் தங்கள் அதிகாரத்தைக் காக்க எழுந்தால்தான் தடை சாத்தியம். இது குறையாகத் தோன்றினாலும் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு: தன் அதிகாரம் கொழும்புக்குத் திரும்பிப் போவதை எந்த மாகாணமும் விரும்பாது.

மற்ற ஓட்டையே ஆபத்தானது. கடைசி மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாணங்களிலும் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாமல் போனது. 2017இன் திட்டம் அப்படியே சட்டமாகியிருந்தால், 45 ஆசனங்களை நிரப்ப யார் வாக்களித்திருப்பார்? வெற்றிடத்தில் நுழைவது நியமனக்காரர்தான் என்பதை 2012 காட்டியது. வாழ்வாதார மேம்பாட்டுப் பணிகளை மத்திய அரசின் ஒரு திணைக்களத்தின்கீழ் கொண்டுவந்த திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் கருத்து தேவைப்பட்டபோது, வடக்கில் சபையே இல்லாததால் ஜனாதிபதி நியமித்த ஆளுநர் அந்த மாகாணத்தின் சார்பில் சம்மதம் தெரிவித்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. அதே மாதம், அந்தச் சட்டமூலத்தை ஆராய்ந்த நீதியரசர்களுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

ஆகவே வருங்கால வரைவில் மூன்று வாசகங்கள் இல்லாமல் இரண்டாவது சபையை ஏற்க வேண்டாம் என்று யாப்பு உரையாடலில் அமரும் தமிழ்ப் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாகாண சபையோடு அம்மாகாணத்து உள்ளூராட்சி உறுப்பினரும் வாக்காளராக இருக்க வேண்டும். தேர்தல் தள்ளிப்போனால் பதவியிலிருப்போர் தொடர வேண்டும்; ஆளுநரோ அமைச்சரோ அந்த இடத்தை நிரப்பக் கூடாது. சபையை ஒழிக்கும் திருத்தத்துக்கு அச்சபையின் மூன்றில் இரண்டும், பெரும்பான்மையான மாகாணங்களின் இசைவும் வேண்டும். கனடாவின் செனற்றை ஒழிக்க எல்லா மாகாணங்களும் ஒருமனதாக இசைய வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் கருத்துரைத்தது. நாம் கேட்பது அதைவிடக் குறைவு. இந்த மூன்றும் இல்லாத இரண்டாவது சபை, 1947இன் செனற்றைவிட எங்களை அதிகம் காக்காது.