கரிசல் மண்ணும் பாயிண்ட் டூ டூ ரைபிளும்



கோவில்பட்டி என்றால் எல்லாருக்கும் கடலை மிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி ஞாபகம் வரும். துப்பாக்கி யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் என்.சி.சி.யில் ஒரு தடவை ஃபயரிங் போய் வந்த பசங்க எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சும்மா குறி பார்த்துச் சுட்டுப் பழக ஒரு .22 ரைபிள் வாங்கணும்னா எது நல்லது?"

அமெரிக்காவில் இதற்குப் பதில் சுலபம். கடைக்குப் போனால் 1964 முதல் விற்கும் ரூகர் 10/22 மாதிரி பத்து வகை காட்டுவார்கள். வாங்கி வந்து தகர டப்பாக்களை வரிசையாக அடுக்கிச் சுட்டு விளையாடுவார்கள். நம்ம ஊரில் இதற்குப் பதில் கடையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

.22 என்றால் என்ன?

குண்டின் குறுக்களவு அங்குலத்தில் சுமார் 0.22, அதாவது 5.6 மில்லிமீட்டர். இதை 'ரிம்ஃபயர்' என்பார்கள். தோட்டாவின் அடியில் சின்னதாக ஒரு விளிம்பு இருக்கும். பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள்ளே இருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை அடித்து நசுக்கினால் மருந்து பற்றிக்கொள்ளும். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீக்குச்சி மருந்து உரசினால் பற்றும், இந்த மருந்து அடித்தால் பற்றும். அவ்வளவுதான் வித்தியாசம்!

1845-ல் ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர் வீட்டுக்குள் சுட்டு விளையாடுவதற்காக இந்த மாதிரி தோட்டாவைச் செய்தார். 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி .22 ஷார்ட் கொண்டு வந்தது. 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி .22 லாங் ரைபிள் தோட்டாவைக் கொண்டு வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுவது அதுதான்.

ஊசி நசுக்க வேண்டும் என்றால் விளிம்பு மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிசான தகடு அதிக அழுத்தம் தாங்காது. அதனால் மருந்தும் கொஞ்சம், சத்தமும் கொஞ்சம், தோளில் இடிப்பதும் கொஞ்சம், விலையும் கொஞ்சம். பழகுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் சின்னது என்று ஏமாந்துவிடக் கூடாது. இரண்டரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒரு மைலுக்கு அப்பாலும் ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். நம்ம கரிசல் காடோ ஒரே சமவெளி. கிடை போட்டிருப்பவர், பருத்தி எடுப்பவர் எல்லாம் அந்த மைலுக்குள்தான் இருப்பார்கள். அதனால் டப்பா அடிக்கும் விளையாட்டு இங்கே சட்டப்படி மட்டுமல்ல, புத்திப்படியும் ஆகாது.

ஆயுதம் போன கதை

இந்த மண்ணில் எப்போதுமே துப்பாக்கி இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. பாளையக்காரர் படைகளில் நீண்ட ஈட்டியோடு, திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் இருந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டிச் சண்டை போட்டார். மே மாதம் அந்தக் கோட்டையும் விழுந்தது. அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கம்பெனி அனுமதி இல்லாமல் தென்சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் 1878-ல்தான், வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. ஆக, நம்ம சீமை அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டது! 1878 சட்டத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு.

இதன் விளைவை 1911-ல் பார்க்கலாம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் பாதையில் கடம்பூர் தாண்டினால் மணியாச்சி. அங்கே ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார். வாஞ்சி சுட்டுப் பழகியது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் என்று வரலாற்றில் படிக்கிறோம். செய்தது சரியா தப்பா என்ற விவாதம் தனி. பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சாதாரண இந்தியனுக்குக் குறி பார்த்துப் பழக இடமே இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

.22 இங்கே வந்த வழி

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு அதிர்ச்சி. எதிரே இருந்த விவசாயிகள் இவர்களைவிட நன்றாகக் குறி பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் இங்கிலாந்து முழுக்க ரைபிள் கிளப்புகள் ஆரம்பித்தார்கள். அங்கே புழங்கியது மலிவான .22. ராணுவத் துப்பாக்கிகளையும் .22 ஆக மாற்றி ஆட்களைப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்தது. 1948-ல் என்.சி.சி. தொடங்கிய பிறகு கல்லூரி மாணவன் கையிலும் .22 வந்தது. 25 கஜத்தில் படுத்துக்கொண்டு சில ரவுண்டு சுடுகிறோமே, அந்தப் பாடத்தின் வேர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

சட்டமே தேர்ந்தெடுத்த ரைபிள்

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று ஒரு வரி இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு அது அரசியல் சாசனத்தில் இடம்பெறவில்லை. 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி 1962-ல் அமலுக்கு வந்தது. அதன் 13-வது பிரிவு சுவாரசியமானது. பெரும்பாலான துப்பாக்கிகளுக்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைந்தால்தான் லைசென்ஸ். ஆனால் சிலவற்றுக்கு, தகுதிக்குறைவு இல்லாவிட்டால், கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. அதில் ஒன்று, பயிரைக் காக்க முன்பக்கம் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. இன்னொன்று, 2019 திருத்தம் வரை, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குக் கேட்ட .22 ரைபிள் அல்லது ஏர் ரைபிள்.

அதாவது அரசாங்கத்தின் பயம் எந்த அளவில் குறைந்ததோ, அந்த அளவுதான் .22. நாம் தேர்ந்தெடுக்கும் முன்பே சட்டம் நமக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது!

அந்த முதல் வகையின் கதை வேறு. விளாத்திகுளம், புதூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களைக் கேளுங்கள், காட்டுப்பன்றி என்றாலே கண்ணீர்தான். ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைக்கூட வனத்துறைதான் சுடலாம், விவசாயி அல்ல. விளையாட்டு .22-ஐ எடுத்துக்கொண்டு பன்றிக்குப் போகலாம் என்ற யோசனையே வேண்டாம். சட்டமும் விடாது, அந்தக் குண்டுக்கும் அதற்கான வலு இல்லை.

சரி, எதைத்தான் வாங்குவது?

பி.காம். படிக்கிறவன் என்பதால் செலவுக் கணக்கிலிருந்தே வருகிறேன். ரைபிள் விலை ஒருமுறைச் செலவு, தோட்டாவும் பயணமும் ஓயாத செலவு. பலரும் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அதனால் என் வரிசை இதுதான்.

முதலில் ஏர் ரைபிள். 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். மூச்சு, விசை, பார்வை என்ற அடிப்படை மூன்றையும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, கிளப். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் இருக்கிறது. சொந்தமாக வாங்கும் முன் கிளப் ரைபிளில் பழகுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவதுதான் சொந்த .22. வயது 21 ஆக வேண்டும். கலெக்டரிடம் மனு, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பழக ஆரம்பிப்பவருக்கு மேற்கு வங்கம் இச்சாபூர் தொழிற்சாலையின் போல்ட் ஆக்‌ஷன் .22 போதும். ஆன்ஷூட்ஸ், வால்தர் மாதிரி ஜெர்மன் ரைபிள்கள் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. எதுவானாலும் கட்டை உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். ஒரே ரைபிள் ஒரு தோட்டாவில் கொத்தாக அடிக்கும், இன்னொன்றில் சிதறும்.

கடைசியாக...

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கினார். கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் கலெக்டர். கையில் இருந்தது .22 தான்! 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். நம் பாக்கெட்டில் இருக்கும் புது ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவில் ஏறக்குறைய பாதிதான்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். சாதிக் கலவரங்களைப் பார்த்த தென்மாவட்டம் இது. லைசென்ஸ் கடுமையாக இருப்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் துப்பாக்கி குறைவாக இருப்பது வேறு, பழக இடமே இல்லாமல் இருப்பது வேறு. 1801-ல் பறித்தது ஆயுதத்தை மட்டுமல்ல, அந்தத் திறமையையும்தான். திறமையைத் திருப்பிக் கொடுக்க ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஹாக்கியைப் பாருங்கள். கோவில்பட்டியில் மைதானமும் விடுதியும் இருந்ததால்தானே இங்கே பழகிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் போனார்கள்? ஏர் ரைபிளுக்கு மைதானம்கூட வேண்டாம். பத்து மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்தில் ஒரு ஹால், பின்னால் உறுதியான ஒரு தடுப்பு, சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் போதும். அவ்வளவு பெரிய ஹால் இல்லாத கல்லூரி நம்ம பக்கம் எது?

"எந்த ரைபிள் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களே, அதற்கு முன்னால் "எங்கே சுடுவோம்?" என்று சேர்ந்து கேட்போம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?