நூற்றுக்கு இருபத்தைந்து

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆவது பிரிவில் ஒரு கெடு இருந்தது. பத்தே ஆண்டுகளில், பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயல வேண்டும். 1960 வந்தது, போனது. கெடு தவறியதற்காக யாரும் யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. அது வழிகாட்டும் நெறிதான், உரிமை அல்ல. அந்த வாக்குறுதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கியது. பிறகு ஒரு வழக்கு அதை எழுப்பிவிட்டது. அது பள்ளிக்கூடத்தைப் பற்றிய வழக்கே அல்ல.

இதற்கிடையில் கடல் கடந்து வேறொரு யோசனை வளர்ந்துகொண்டிருந்தது. 1955இல் சிகாகோ பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் ஒரு கட்டுரை எழுதினார். கல்விக்கு அரசு பணம் தரட்டும், ஆனால் பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை. பெற்றோர் கையில் ஒரு கூப்பனைக் கொடுத்தால் போதும், பிடித்த பள்ளியை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், பள்ளிகள் போட்டி போட்டுத் தேறும் என்றார். பல காலம் அது பேச்சாகவே இருந்தது. 1981இல் சிலி நாட்டில் பினோசேயின் ராணுவ ஆட்சி அதை நாடு முழுவதும் செயல்படுத்தியது. மாணவர் பின்னால் பணம் போனது; நடுத்தர வர்க்கம் அரசுப் பள்ளிகளிலிருந்து பெருமளவில் வெளியேறியது. இந்தக் கூப்பனுக்கு இந்தியாவில் வழி கிடைத்தது, ஆனால் அது யாரும் நினைத்துப் பார்க்காத இடத்திலிருந்து. ஒரு நிலக் குத்தகைப் பத்திரத்திலிருந்து.

டெல்லி விரிந்துகொண்டிருந்த காலம். டெல்லி வளர்ச்சிக் குழுமம் பள்ளி நடத்தும் சங்கங்களுக்குச் சலுகை விலையில் மனை ஒதுக்கியது. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் ஒரு நிபந்தனை: நலிந்த பிரிவுப் பிள்ளைகளை நூற்றுக்கு இருபத்தைந்து அளவுக்குச் சேர்த்து, கட்டணமின்றிப் படிக்க வைக்க வேண்டும். பொதுச்சொத்தை மலிவாக வாங்கியதற்குப் பொதுமக்களுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் அது. பள்ளிகள் நிலத்தை வாங்கிக்கொண்டு நிபந்தனையை மறந்தன. நிலம் கொடுத்தவர்களும் கேட்கவில்லை. நகரத்தின் பேர்போன பள்ளிகள் அந்த மனைகளில் எழுந்து நின்றன. இருபத்தைந்து என்ற எண் கோப்புகளுக்குள் கிடந்தது.

1992இல் உச்ச நீதிமன்றத்தில் மோகினி ஜெயின் வழக்கு வந்தது. மீரட்டைச் சேர்ந்த அந்த மாணவியிடம் கர்நாடகத்தின் தும்கூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்டது. அரசு இடத்துக்கு அங்கே கட்டணம் 2,000 ரூபாய். கல்வி, வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைச் சுருக்கினார்கள்: அந்த உரிமை பதினான்கு வயது வரை மட்டும். டாக்டர் சீட்டுக்காக நடந்த சண்டையில் வென்றது தொடக்கப்பள்ளிப் பிள்ளை! 2002இல் 86ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆனால் எப்படிக் கொடுப்பது என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டும். அதற்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன.

அதே 2002இல் டெல்லியில் ‘சோஷியல் ஜூரிஸ்ட்’ என்ற வழக்கறிஞர் அமைப்பு பழைய ஒதுக்கீட்டுக் கடிதங்களைத் தூசி தட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலம் வாங்கியவர்கள் நிபந்தனையை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று 2004 ஜனவரியில் உத்தரவு வந்தது. செத்துப்போனதாக நினைத்த எண் உயிர் பெற்றது. அடுத்த ஆண்டு, மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தின் குழு ஒன்று கல்வி உரிமை மசோதாவுக்கு வரைவு எழுதியபோது, அந்த இருபத்தைந்து அதில் ஏறி உட்கார்ந்தது, இப்போது எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து. குழுவின் தலைவர் அப்போது அறிவியல் துறை அமைச்சராக இருந்த கபில் சிபல். வரைவு வந்த வேகத்தில் முடங்கியது. 2006இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி மசோதாவில் இருபத்தைந்தைக் காணோம்.

அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் 2008 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவில் அந்த எண் திரும்ப இருந்தது. 2009 மே மாதம் தேர்தல் முடிந்து புது அமைச்சரவை அமைந்தபோது கல்வித் துறை வந்து சேர்ந்தது அதே கபில் சிபலிடம். ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டமாகும் வழியில் அந்த எண்ணின் குணம் மாறியிருந்தது. இந்தக் கதையிலேயே முக்கியமான திருப்பம் இதுதான், இதைப் பலரும் கவனிக்காமலே தாண்டிப் போனார்கள். டெல்லிக் கடிதத்தில் அது பள்ளி தீர்க்கவேண்டிய கடன். அரசு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. சட்டத்திலோ, சேர்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு பணம் கொடுக்கும். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. சலுகை விலையில் நிலம் வாங்கி, அதற்காக இலவச இடம் தரக் கடமைப்பட்ட பள்ளிக்கு மட்டும் அந்த அளவுக்குப் பணம் கிடையாது என்று 12ஆவது பிரிவே சொல்கிறது. கடன் விற்பனை ஆனது. சிகாகோவின் கூப்பன், கூப்பன் என்ற பெயர் இல்லாமலே டெல்லி நிலப் பத்திரத்தின் வழியாக உள்ளே வந்துவிட்டது.

சந்தை வழிச் சீர்திருத்தக்காரர்கள் மகிழ்ந்தார்கள். கோத்தாரி குழு 1966இல் கேட்ட பொதுப்பள்ளி முறைக்காக வாதாடிவந்த அனில் சத்கோபால் போன்றவர்கள் கொதித்தார்கள்: தனியார் பள்ளி இடங்களில் நான்கில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுத்துவிட்டு, அங்கே இடம் கிடைக்காத குழந்தைகளின் பள்ளியை யார் பார்ப்பது? தனியார் பள்ளிகளும் கோபத்தில் வழக்குப் போட்டன. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டம் செல்லும் என்றார்கள், கே.எஸ். ராதாகிருஷ்ணன் மறுத்தார். ஒரே ஒரு வாக்கில் தப்பிப் பிழைத்த அந்த எண் அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் இ-சேவை மையத்தின் வாசலில் பிறப்புச் சான்றிதழும், இரண்டு லட்சத்துக்குக் குறைவென்ற வருமானச் சான்றிதழுமாகப் பெற்றோர் நின்றது இதற்காகத்தான். குலுக்கலில் பேர் விழுந்தால் எல்.கே.ஜி.யில் இடம். கல்வி உரிமைச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தால் ‘ஆர்டிஇ சீட்டு’ என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் பொருள் அதுதான்.

அந்தச் சீட்டு எட்டாத ஊர்கள் பக்கத்திலேயே இருந்தன. சட்டம் பிறந்த அதே ஆண்டுகளில், சற்று மேற்கே தேர்வாய் கண்டிகையில், பெரும்பாலும் தலித் குடும்பங்கள் ஆடுமாடு மேய்த்துவந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போனது. ஊர் எதிர்த்துப் போராடியது. அதையும் மீறி மிஷெலின் டயர் ஆலை வந்தது. ஆலை வந்ததும் இங்கிலீஷ் மீடியம் மீது ஆசையும் வந்தது. ஆனால் சீட்டுக்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருக்க வேண்டும். கட்டணம் கட்டக்கூடியவர்கள் உள்ள இடத்தில்தான் அப்படிப் பள்ளி முளைக்கும். எட்டத்தில் உள்ள குடியிருப்புக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளிதான் கதி. அந்தப் பள்ளிக்கு வேண்டிய ஆசிரியரும் வகுப்பறையும்தான் முதல் செலவாக இருந்திருக்க வேண்டும். கர்நாடகம் 2019இல் அப்படித்தான் முடிவெடுத்தது: பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் சீட்டுக்குப் பணம் இல்லை. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்களுக்குப் பொதுப்பணம் போனது. தனியார் பள்ளிகளோ பாக்கி வரவில்லை என்று முறையிட்டபடியே இருந்தன.

2025 மே மாதம் விண்ணப்ப இணையதளம் திறக்கவே இல்லை. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திட மாநிலம் மறுத்தது. அதனால் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. சீட்டுக்கான பணமும் அந்த நிதிக்குள்தான் இருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூனில் பள்ளிகள் திறந்தன. சீட்டை நம்பிக் காத்திருந்தவர்களில் கடன் வாங்க முடிந்தவர்கள் கட்டணத்தைக் கட்டிப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் விட்டார்கள். அக்டோபரில் மத்திய அரசு பணம் விடுவித்ததும் சேர்க்கை அறிவிப்பு வந்தது, ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்காக. கட்டணம் கட்ட வழியில்லாதவர்களின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. வருமானச் சான்றிதழும் குலுக்கலும் கேட்காமல் அவர்களைச் சேர்த்துக்கொள்ள அரசுப் பள்ளிதான் ஜூனிலேயே திறந்திருந்தது.